எது சரியில்லை, அதைச் சொல்லும்

அனல்மின் நிலையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தீபாவளி, பொங்கல், தேர்தல் நாள் எதுவும் கிடையாது. 2020இல் நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோதும் மூன்று ஷிப்டுக்கும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பொங்கலன்று தொழிற்சாலைகள் மூடியிருக்கும், மின்தேவை விழும், லோடைக் குறைக்கச் சொல்லி லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து போன் வரும். சில நாள் ஒரு யூனிட்டையே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்திய பிறகும் யாரும் வீட்டுக்குப் போய்விட முடியாது.

வெளியாட்களுக்கு இது புரிவதில்லை. சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும், திரும்பப் போட்டால் ஓடும் என்று நினைக்கிறார்கள். டர்பைனின் தண்டு 540 டிகிரி நீராவியில், நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிற பொருள். யூனிட்டை நிறுத்திவிட்டு அதை அப்படியே விட்டால் அடிப்பக்கம் முதலில் ஆறும், மேல்பக்கம் சூட்டோடு இருக்கும், தண்டு வளைந்துவிடும். அதனால் பாரிங் கியர் என்ற ஏற்பாட்டில் ஒரு சிறிய மோட்டாரை வைத்து அதை மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். உலோகம் ஆற இரண்டு மூன்று நாளானாலும் உருட்டவேண்டும். அந்த மோட்டாரும் ஓடவில்லை என்றால் ஆட்கள் நின்று கையால் சுற்றவேண்டும். மறுபடி யூனிட்டைக் கிளப்புவது இன்னொரு வேலை. எண்ணெய் எரித்து பாய்லரைச் சூடாக்கி, குழாய்களைச் சூடாக்கி, டர்பைனைப் படிப்படியாக வேகமேற்றி, கிரிட்டோடு இணைப்பதற்குள் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டும் பாதி போயிருக்கும்.

ஆக, இந்த வேலையை ஆரம்பித்தவனே முடித்துவிட்டுப் போவது என்பது இங்கே நடக்காத காரியம். யாரோ மூட்டிய தீயை நாம் காக்கிறோம். நாம் காத்ததை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். என் வாழ்நாளில் நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான பாடம், இப்படி ஒப்படைக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் அந்த இடம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு லோடில் ஒரு நாள் ஓடினால் 50 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதற்குச் சுமார் 3,500 டன் கரி வேண்டும். ஒரு முழு சரக்கு ரயிலில் வருவதே ஏறக்குறைய அவ்வளவுதான். தூத்துக்குடியில் இப்படி ஐந்து யூனிட். மேட்டூரின் பழைய நிலையத்தில் நான்கு. கரி நம் ஊர்க் கரி அல்ல. ஒடிசாவின் தால்சேர்ச் சுரங்கத்தில் வெட்டியதை ரயிலில் பாராதீப் கொண்டுவந்து, கப்பலேற்றி, எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ இறக்குகிறார்கள். மின்வாரியத்துக்குக் கரி கொண்டுவருவதற்காகத் தமிழக அரசு 1974இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று அதன் கப்பல்களுக்குப் பெயர் இருந்தது. மேட்டூருக்குப் போகிற கரி எண்ணூரில் இறங்கி மறுபடி ரயிலேறும். இத்தனை தூரம் வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்.

கப்பல், ரயில், வேகனையே கவிழ்த்துக் கொட்டும் டிப்ளர், கன்வேயர், கிரஷர், பங்கர், கரியை முகப்பவுடர் போல அரைக்கும் மில், பாய்லர், டர்பைன், பிறகு சாம்பல் குழாய். இந்த வரிசை நெடுக ஆட்கள் நிற்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தால் குளிரூட்டிய கட்டுப்பாட்டு அறையைத்தான் படமெடுப்பார்கள். உண்மையில் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சிலர்தான். மழைக்காலத்தில் ஈரக்கரி பங்கர் என்ற கரித்தொட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கும். வெளியே நின்று சம்மட்டியால் தட்டிக்கொண்டே இருப்பார்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அந்தச் சத்தம் நின்றால் ஒன்று கரி இறங்கிவிட்டது, அல்லது தட்டுகிறவர் கை ஓய்ந்துவிட்டது. சென்னையில் ஓடுகிற மின்விசிறிக்கும் அந்தச் சம்மட்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மின்கட்டண ரசீதில் அது வராது.

ஷிப்ட் மாறும் நேரத்துக்கு வருகிறேன். அடுத்த ஷிப்டுக்கான ரிலீவர் வந்து கையெழுத்துப் போடும்வரை சீட்டை விட்டு எழக்கூடாது என்பது விதி. ரிலீவர் வரவில்லை என்றால் டபுள் டூட்டி. மகளுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாலை நான்கு மணிக்குக் கிளம்பத் துடித்துக்கொண்டிருந்த மனிதர், ரிலீவர் வராமல் இரவு பத்து மணிவரை பாய்லர் டிரம்மின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மட்டம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் குழாய்கள் நீரில்லாமல் காய்ந்து வெடிக்கும். மேலே ஏறினால் நீராவியோடு தண்ணீரும் சேர்ந்துபோய் டர்பைனைத் தாக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ.

நான் புதிதாகச் சேர்ந்தபோது திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் மூத்த ஆபரேட்டராக இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். பஸ்ஸிலிருந்து இறங்கினால் மற்றவர்கள் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போவார்கள். அவர் அரைமணி முன்னதாக வந்து, கீழ்த்தளத்திலிருந்து தொடங்குவார். பம்புகளின் பேரிங்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மில்லின் அருகே நின்று காது கொடுப்பார். பாய்லர் தளத்தில் ஏறி, நீலக் கண்ணாடியை வைத்துச் சிறு துவாரம் வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மேலே வருவார். முந்தைய ஷிப்ட்காரர், "எல்லாம் நார்மல் அண்ணாச்சி" என்பார். இவர் பேனாவைத் திறக்கமாட்டார்.

"நல்லா ஓடுறதத்தான் மீட்டரு சொல்லுதுல்லா. எது சரியில்ல, அதச் சொல்லும்."

பல தடவை கேட்ட கேள்வி. பதில் வரும்வரை கையெழுத்து விழாது. எரிச்சல்படுகிறவர்கள் படுவார்கள். கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். மூன்றாவது மில்லில் ஒரு சத்தம் கேட்கிறது. அந்த வால்வு முழுதாக மூடவில்லை. ஒரு பேரிங்கின் சூடு முதல் மணியில் 62, அடுத்த மணியில் 64, இப்போது 66.

அந்த 66 அலாரம் அடிக்கும் அளவல்ல. லாக் ஷீட்டில் அது சரியாகத்தான் எழுதியிருக்கும். யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதுதான் சேதி. அந்தச் சேதி ஒரு கட்டத்துக்குள் எழுதிய எண்ணில் இருக்காது, எழுதியவர் மனதில் இருக்கும். அவர் வாய் திறந்து சொன்னால்தான் அடுத்தவருக்குப் போகும். இப்போது திரையில் கோடாகவே வரைந்து காட்டுகிறது என்று இளைஞர்கள் சொல்வார்கள். காட்டுகிறது. எந்தக் கோட்டைப் பார்க்கவேண்டும் என்று யார் சொல்வது?

மாட்டை விற்கிறவன் அதன் பால் கணக்கைச் சொல்வான், உதைக்கும் என்பதைச் சொல்லமாட்டான். ஒப்படைப்பவர்கள் எல்லோரிடமும் அந்த விற்பனைக்காரன் கொஞ்சம் இருக்கிறான். காரணங்கள் பெரியவை அல்ல. அசதி. சொன்னால், "உன் ஷிப்டில் ஏன் சரி செய்யவில்லை?" என்று கேட்பார்கள் என்ற பயம். சின்ன விஷயம்தானே என்ற நினைப்பு. தன் ஷிப்ட் சுத்தமாக இருந்தது என்று பெயர் வாங்கும் ஆசை.

நான் பார்த்த ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், பெரிய விசிறி ஒன்றின் பேரிங் சத்தம் போட்டது முந்தைய ஷிப்டுக்குத் தெரியும். சொல்லவில்லை. நள்ளிரவில் விசிறி நின்றது; சூளையில் அழுத்தம் ஏறி யூனிட் டிரிப் ஆனது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. விசாரணையில் லாக் புக்கைப் புரட்டினால் பக்கம் பக்கமாக நார்மல். சொல்லாமல் போனவர் கெட்டவர் இல்லை. டபுள் டூட்டி முடித்துக் கண் செருகிய நிலையில் கையெழுத்துப் போட்டவர். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே எவரும் எதையும் எழுதுவதில்லை. குறையை எழுதினால் விளக்கம் கேட்கிற அதிகாரி தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறார் என்பது என் அபிப்பிராயம். அந்த மெமோவை எழுதியவர் பிறகு பதவி உயர்வும் பெற்றார்.

பெரிய விலை கொடுத்தவர்களும் உண்டு. 1988 ஜூலை 6 அன்று, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் மேடையில் 167 பேர் மடிந்தார்கள். பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தை ஒரு மூடியால் தற்காலிகமாக அடைத்திருந்தார்கள். வேலை முடியவில்லை. அந்தச் சேதி இரவு ஷிப்டுக்குப் போய்ச்சேரவில்லை. இரவில் இன்னொரு பம்பு நின்றுபோக, இதை ஓட்டலாம் என்று ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. நீதிபதி கல்லன் பிரபு நடத்திய விசாரணை எத்தனையோ பிழைகளை அடுக்கியது; அதில் முக்கியமான ஒன்று, போகிறவர் வருகிறவருக்குச் சொல்லாமல் போனது. அது மின்நிலையம் அல்ல. ஆனால் பழுது வேலைக்கான பெர்மிட் தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகிய எவனுக்கும் அதைப் படித்தால் வயிறு கலங்கும்.

சொல்கிறவர் யார் என்பதிலும் நமக்கு ஒரு மேட்டிமை இருக்கிறது. சாம்பல் ஹாப்பரில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், ஒரு நாள் படியேறி வந்து கதவோரம் நின்றார். "சார், சாம்பல் ஈரமா விழுது சார்" என்றார். வழக்கமாக அவர்களை யாரும் உட்காரச் சொல்வதில்லை, பேசவும் விடுவதில்லை. அன்றைக்கு ஷிப்டில் இருந்த இளம் உதவிப் பொறியாளர் உடனே எழுந்து அவரோடு கீழே போனார். எகனாமைசர் ஹாப்பரில் சாம்பல் ஈரமாக வந்தால் மேலே குழாய் பொத்துவிட்டது என்று அர்த்தம். கட்டுப்பாட்டு அறையில் எந்த விளக்கும் எரியவில்லை. கருவிகளுக்கு முன்னால் ஒரு மனிதரின் விரல் கண்டுபிடித்திருந்தது. முறைப்படி யூனிட்டை இறக்கி, ஒரு குழாயோடு வேலை முடிந்தது. விட்டிருந்தால், பொத்த குழாயிலிருந்து பீறிடும் நீராவி பக்கத்துக் குழாய்களையும் அறுத்திருக்கும். அந்தத் தொழிலாளியின் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை. அவர்களுக்கு ரிஜிஸ்டரே கிடையாது. மூத்தவர் இளையவருக்கு வாய்வழியாகச் சொல்வதுதான் எல்லாம். ஒப்பந்தக்காரர் மாறினால் ஆளும் மாறி, அறிவும் வெளியேறிவிடும்.

2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் உஞ்சாகார் நிலையத்தில், அந்த ஆண்டுதான் கிரிட்டோடு இணைந்த 500 மெகாவாட் யூனிட்டில், அடைத்துக் கிடந்த சாம்பலை யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க முயன்றார்கள். சூடான வாயுவும் சாம்பலும் பீறிட்டு வெளியே வந்தன. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சாம்பல் அடைக்கிறது என்பது அங்கே நின்ற எத்தனை பேருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தார்களா என்பதுதான் கேள்வி.

வாங்கிக்கொள்கிறவர்களுக்கும் இதில் பாதிப் பொறுப்பு உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டால் யூனிட் உன்னுடையது. அதற்குப் பிறகு முந்தைய ஷிப்ட்காரன் கெடுத்தான் என்று சொல்வதில் அர்த்தமில்லை. கையெழுத்துக்கு முன்னால் நீ கீழே இறங்கிப் பார்த்தாயா என்றுதான் அண்ணாச்சி கேட்பார். புது மருமகள், புது அதிகாரி, தந்தையின் கடையில் உட்காரும் மகன் என்று எல்லோருக்கும் பொருந்துகிற கேள்வி. வந்த முதல் நாளே எல்லாவற்றையும் மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷமாக அந்த வால்வைக் கால்வாசி திறந்தே வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் தப்பாகக்கூட இருக்கலாம். தெரிந்துகொண்டு மூடு.

ஓய்வுபெற்ற பிறகு குடும்பங்களில்தான் இது அதிகம் கண்ணில் படுகிறது. அப்பா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வாசலில் ஒருவர் பிராமிசரி நோட்டோடு நிற்பார். யாருக்கோ ஜாமீன் போட்டிருப்பார் மனிதர், மனைவிக்கே தெரியாது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பங்காளியோடு வரப்புத் தகராறு, கோர்ட்டில் பத்து வருஷமாகத் தூங்கும். பிள்ளைகளைச் சிரமப்படுத்தவேண்டாம் என்று மறைத்ததாகச் சொல்வார்கள். சிரமம் குறையவில்லை, சொல்லவேண்டியவர் இல்லாத நேரத்தில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். உடல்நிலையும் அப்படியே. நெஞ்சு வலித்ததை இரண்டு மாதம் வாயுத்தொல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். இருந்தார்கள்.

எங்கள் தலைமுறையே ஒரு பெரிய ஷிப்டை முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. இப்போது பகலில் சூரிய மின்சாரம் வருகிறது. கரி யூனிட்களை 55 சதவீதத்துக்கு இறக்கச் சொல்கிறார்கள். சூரியன் சாய்ந்தால் ஏற்றச் சொல்கிறார்கள். இப்படி ஏற்றி இறக்குவதற்காக அந்த யூனிட்களைக் கட்டவில்லை. தினமும் சூடாகி ஆறி உலோகம் களைக்கிறது. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் சுற்றத் தொடங்கினால் சில யூனிட்களை நிறுத்திப் பராமரிப்பு வேலையைப் பார்ப்பது நாங்கள் இருந்தபோதே உண்டு. இனி வருடம் முழுக்கவே அப்படித்தான் ஆகும். வரட்டும். கரியின் காலம் முடியத்தான் வேண்டும் என்று, அதில் சோறு தின்ற நானே சொல்கிறேன்.

முடியும்போது என்ன சொல்லி ஒப்படைக்கிறோம்? பணி ஓய்வு விழாக்களில் சாதனைகளைப் படிக்கிறார்கள். எத்தனை நாள் டிரிப் ஆகாமல் ஓடியது, எத்தனை கோடி யூனிட் என்று. உண்மைதான், கிராமத்துக் குடிசையில் பல்பு எரிந்ததில், வயலில் பம்புசெட் ஓடியதில் எங்களுக்குப் பங்கு உண்டு, பெருமையும் உண்டு. அதே பக்கத்தில் இன்னொன்றையும் எழுதவேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் பிடித்த மீனவர்களின் தொழில் போனது. சாம்பல் குளங்கள் இன்னும் கிடக்கின்றன, காற்றடித்தால் பறக்கின்றன. வருஷக்கணக்கில் சாம்பலிலும் கரித்தூளிலும் நின்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள்; அவர்களின் நுரையீரலைப் பரிசோதிக்க யாரிடமும் முகவரி இல்லை. வானத்துக்குப் போன கரியமில வாயுவைத் திரும்ப எடுக்க வழியில்லை. எங்கள் காலத்தில் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். பாதிதான் உண்மை. சாம்பல் குழாய் எங்கே உடைகிறது என்பது எங்களுக்கு எப்போதும் தெரியும்.

அனல்மின் நிலையங்களில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களோடு நின்ற ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், ஊர், எந்த இடத்தில் எத்தனை வருஷம் நின்றார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவ உதவியோ நிவாரணமோ என்றைக்காவது வந்தால் அவர்களுக்கு அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது. எழுதி, உங்கள் சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன். யாருக்கு ஜாமீன் போட்டிருக்கிறீர்கள், பத்திரம் எங்கே இருக்கிறது, எந்த மாத்திரையை எதற்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதை இந்த வாரத்திலேயே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள். நீங்களாகத்தான் ஆரம்பிக்கவேண்டும்.